சாவி போட்டுப் பூட்டிய தேர்தல்

'கான்க்ளேவ்' என்ற லத்தீன் சொல்லுக்குச் சாவி போட்டுப் பூட்டும் அறை என்று பொருள். போப்பைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்துக்கு அது பெயரானதில் இத்தாலியின் விட்டெர்போ நகரத்தாருக்குப் பெரும் பங்குண்டு.

1268 நவம்பரில் போப் நான்காம் கிளமெண்ட் அந்நகரில் இறந்தார். அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கக் கூடிய கர்தினால்கள் பிரெஞ்சு அணி, இத்தாலிய அணி என்று பிரிந்து இழுத்துக்கொண்டே போனார்கள். பொறுமையிழந்த ஊரார் மாளிகைக் கதவைப் பூட்டினார்கள், சாப்பாட்டைக் குறைத்தார்கள், கூரையையும் பிரித்துவிட்டார்கள். கூரைக் கதை வெறும் கட்டுக்கதை அல்ல: 1270 ஜூனில் அங்கிருந்து எழுதிய கடிதமொன்றில் 'கூரையற்ற மாளிகை' என்றே இடம் குறித்திருக்கிறது. அப்படியும் கர்தினால்கள் அசையவில்லை!

இடையில் சில கர்தினால்கள் இறந்தே போனார்கள்.

1271 செப்டம்பரில்தான் முடிவு வந்தது. தேர்வானவர் கர்தினால்கூட இல்லை. சிலுவைப்போருக்காக ஆக்கர் நகரில் இருந்த தெபால்தோ விஸ்கோந்தி. பத்தாம் கிரகோரியான அவர், விட்டெர்போக்காரர்களின் வைத்தியத்தையே 1274இல் சட்டமாக்கினார். மூன்று நாளில் முடிவில்லையென்றால் வேளைக்கு ஒரே பதார்த்தம். மேலும் ஐந்து நாள் போனால் ரொட்டி, தண்ணீர், திராட்சை மது மட்டும்.

கர்தினால்களுக்கு இது கசந்ததில் வியப்பில்லை. 1276இல் ஐந்தாம் ஏட்ரியன் சட்டத்தை நிறுத்திவைத்தார்; 1294இல் ஐந்தாம் செலஸ்டின் மீட்டார்.

சாப்பாட்டுத் தண்டனை பிறகு வழக்கொழிந்தது; பூட்டு நிலைத்தது. 2025 மே மாதம் சிஸ்டைன் சிற்றாலயத்தில் அடைபட்ட 133 கர்தினால்கள் மறுநாளே பதினான்காம் லியோவைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.