நிச்சயத்தை இழந்த பாடலாசிரியர்



"நான் மெய்யாகவே தேவனுடைய பிள்ளைதானா?" என்று கண்ணீரோடு கேட்போரைச் சந்திக்கும்போதெல்லாம் எனக்கு வில்லியம் கூப்பரின் நினைவு வரும். 1731இல் இங்கிலாந்தில் போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர்; ஆறு வயது நிறையுமுன்னே தாயை இழந்தவர். 1763இல் பிரபுக்கள் சபையில் ஒரு பதவிக்காகப் பலர் முன்னிலையில் விசாரிக்கப்படவேண்டியிருந்தது. அந்த அச்சத்தில் மனம் கலங்கி உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். செயின்ட் ஆல்பன்ஸ் நகரின் மருத்துவ இல்லத்தில் தேறிவந்தபோது ரோமர் 3:25 அவருடைய கண்களைத் திறந்தது. அக்காலத்தில் அவர் அடைந்த ஆனந்தம் மெய்யானது.

பின்பு ஓல்னி என்னும் சிற்றூரில் குடியேறி, அங்கே ஊழியஞ்செய்த ஜான் நியூட்டனோடு நோயாளிகளைச் சந்தித்தார், ஜெபக்கூட்டங்களில் ஜெபித்தார், இருவரும் சேர்ந்து பாடல்கள் எழுதினார்கள். 1773 ஜனவரியில் மறுபடியும் இருள் சூழ்ந்தது. தேவன் தன்னை என்றென்றைக்கும் தள்ளிவிட்டார் என்று ஒரு கனவினால் நம்பத் தொடங்கினார். ஆலயத்திற்குப் போவதையும் நிறுத்திவிட்டார். ஆறு ஆண்டுகள் கழித்து, 348 பாடல்களோடு ஓல்னி பாடல் நூல் வெளிவந்தது. அவற்றில் அறுபதுக்கு மேற்பட்டவை கூப்பருடையவை. சபையார் அவற்றை நம்பிக்கையோடு பாட, எழுதியவரோ அந்தக் கிருபை தனக்கு உரியதல்ல என்று வீட்டில் அமர்ந்திருந்தார்.

நாமாயிருந்தால் என்ன செய்திருப்போம்? "விசுவாசக் குறைவு" என்று ஒரே சொல்லில் தீர்ப்பிட்டிருப்போம் என அஞ்சுகிறேன். நியூட்டன் அப்படிச் செய்யவில்லை. தம் வீட்டிலேயே ஓராண்டுக்கு மேல் அவரை வைத்துப் பராமரித்தார். வாதங்களால் அந்த எண்ணத்தை மாற்ற அவராலும் இயலவில்லை. தோட்டவேலையும், தச்சுவேலையும், அன்பளிப்பாக வந்த மூன்று முயல்களும் கூப்பருக்குச் சற்று ஆறுதல் அளித்தன. முயல்களையும் ஆண்டவர் அனுப்பினார் என்று சொன்னால் சிலர் நகைக்கக்கூடும்; நான் அப்படித்தான் எண்ணுகிறேன்.

அவர் அந்த நிச்சயத்தைத் திரும்பப் பெற்றதாக எழுதி உங்களைத் தேற்ற எனக்கும் ஆசைதான். ஆனால் வரலாறு அதற்கு இடங்கொடுக்கவில்லை. 1799இல் எழுதிய அவருடைய கடைசிக் கவிதைகளில் ஒன்று, நடுக்கடலில் கைவிடப்பட்ட ஒரு மாலுமியைப் பற்றியது. 1800 ஏப்ரல் 25இல் அவர் மரித்தார். அவருடைய நினைவாகப் பிரசங்கிக்கும்படி முதிர்ந்த வயதினரான நியூட்டன் எழுந்து நின்றார். அவர் தெரிந்துகொண்ட வேதபகுதி யாத்திராகமம் மூன்றாம் அதிகாரம்: அக்கினியால் எரிந்தும் வெந்துபோகாதிருந்த முட்செடி.