தேயிலைப் பொதியின் முகம்

பொருளைக் கண்ணாற் கண்டு கையாற் சோதித்து வாங்கும் வாய்ப்பு உள்ளவரை அதற்கெனத் தனியொரு சின்னம் வேண்டப்படுவதில்லை. ஊர்ச் சந்தையிலே காய்கறி வாங்குபவர் காம்பைப் பார்த்தே விலை பேசுகின்றார். ஆயின், பொருளை ஆக்குவோரும் நுகர்வோரும் கடல்களாற் பிரிக்கப்படும்பொழுது நம்பிக்கைக்கு வேறோர் ஆதாரம் தேவையாகின்றது. வணிகச் சின்னமும் அதற்கென வரித்துக்கொள்ளப்படும் நிறமும் அத்தேவையினின்றும் எழுந்தவையே. இலங்கைத் தேயிலையின் வரலாறு இதற்குத் தக்கதொரு சான்றாகும். சின்னம் எதனைக் காட்டியது என்பதுடன், எதனைக் காட்டாது விட்டது என்பதையும் அவ்வரலாறு உணர்த்துகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பிரித்தானியர் பெரும்பாலும் சீனத் தேயிலையையே அருந்தினர். கடைக்காரர் பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுத்த அத்தேயிலையிற் கலப்படம் மலிந்திருந்தது. ஏற்றுமதிக்கான பச்சைத் தேயிலைக்குப் பிரசிய நீலமும் சிப்சமும் சேர்த்து நிறமூட்டப்படுவதைச் சீனாவுக்குச் சென்ற ரொபேர்ட் போர்ச்சூன் நேரிற் கண்டு எழுதினார். 1850களில் ஆதர் ஹில் ஹசல் என்ற மருத்துவர் உணவுக் கலப்படங்களை ஆராய்ந்து வெளிப்படுத்தினார். அக்காலத்தில் நிறம் ஏமாற்றின் கருவியாக இருந்தது என்பது மனங்கொளத்தக்கது.

இந்நிலைக்கு மாற்றாக அமைந்தது முத்திரையிட்ட பொதி. ஜோன் ஹோர்னிமன் 1826 அளவிலேயே தேயிலையைப் பொதிசெய்து விற்கத் தொடங்கியிருந்தார். 1875ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் இரு சட்டங்கள் இயற்றப்பட்டன. ஒன்று, இறக்குமதியாகும் தேயிலையைச் சுங்கத்திலேயே பரிசோதிக்க வழிவகுத்தது. மற்றையது, வணிகக் குறிகளைப் பதிவுசெய்ய இடமளித்தது. பின்னைய சட்டத்தின்கீழ் 1876இல் முதலாவதாகப் பதிவானது பாஸ் என்ற மதுவடி நிறுவனத்தின் செந்நிற முக்கோணமாகும். பிரெஞ்சு ஓவியர் மனே 1882இல் தீட்டிய மதுச்சாலை ஓவியத்திலும் அம்முக்கோணம் காணப்படுகின்றது. எழுத்தை வாசியாமலே புட்டியை இனங்காண அதன் வடிவமும் நிறமும் போதுமாயிருந்தன. பொருளுக்குள்ளே இருந்து ஏமாற்றிய நிறம், இப்பொழுது பொருளுக்கு வெளியே நின்று உறுதிமொழி தரலாயிற்று.

இலங்கைத் தேயிலை உலகச் சந்தைக்குட் புகுந்த காலம் இதுவே. ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரத் தோட்டத்திற் பத்தொன்பது ஏக்கரிலே தேயிலை பயிரிட்டார். 1869இற் தோன்றிய இலைநோய் கோப்பிச் செய்கையை அழிக்க, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1890இல் கிளாஸ்கோ வணிகரான தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து, அப்புத்தளைப் பகுதியிலும் பிறவிடங்களிலும் தோட்டங்களை வாங்கினார். தேயிலையைக் கால், அரை, ஓர் இறாத்தற் பொதிகளிலே குறைந்த விலைக்கு விற்றார். மஞ்சள் நிறச் சீட்டு காலப்போக்கில் அவருடைய பெயரோடு பிரிக்கவொண்ணாது இணைந்தது. மங்கிய ஒளியுள்ள கடைத்தட்டிலும் மஞ்சள் நிறம் உடனே கண்ணிற் படும்; எழுத்தறியாதவரும் நிறத்தைச் சொல்லிக் கேட்கலாம். தோட்டத்திலிருந்து நேரே இல்லத்துத் தேநீர்ப் பாத்திரத்துக்கு வருவது தமது தேயிலை என்று லிப்டன் விளம்பரம் செய்தார். அவர் விற்றதில் அவருடைய சொந்தத் தோட்டங்கள் தந்தது ஒரு பகுதியே. எனினும் மக்கள் மனத்திற் பதிந்தது விளம்பரம் தீட்டிய தோற்றமே.

அத்தோற்றத்தின் நடுவில் நின்றவள் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண். 1890களிற் பிரித்தானியச் சித்திர வார இதழ்களில் வெளியான விளம்பரங்களில், சேலையணிந்து, அணிகலன் பூண்டு, கூடையோடு அமைதியாக நிற்கும் அவளை நாம் காண்கின்றோம். அட்டை கடிக்கும் மலைச்சரிவோ, கூடையின் பாரமோ, லயத்து அறையோ அங்கில்லை. தேயிலைக்கு முகமாக அமைந்த பெண்ணுக்கு அவ்விளம்பரத்திற் பெயர் இல்லை.

அதே காலத்தில் அத்தொழிலாளரும் வேறொரு வகையிற் குறியிடப்பட்டனர் என்பதை வரலாற்று மாணவர் மறத்தலாகாது. 1901 அளவில், தென்னிந்தியாவிலிருந்து சேர்க்கப்பட்டோர்க்குத் தோட்டத்தின் குறியும் இலக்கமும் பொறித்த தகரத் துண்டுகள் வழங்கும் முறை புகுத்தப்பட்டது. கடனைக் குறித்த மற்றொரு ‘துண்டு’ அவர்களைக் கங்காணியோடு பிணைத்தது. அம்முறை 1921இலேயே ஒழிக்கப்பட்டது. பொதியின் மீதிருந்த குறி வாங்குவோனுக்கு உறுதியளித்தது. தகரத்தின் மீதிருந்த குறியோ, தாங்கியவர் யாருக்குரியவர் என்பதை மட்டுமே சொல்லிற்று.

வணிகரின் சின்னம் வணிகருக்கே உரியது. மஞ்சட் பொதிக்குள் பல நாட்டுத் தேயிலைகள் கலந்து வந்தபொழுது, இலங்கைத் தேயிலைக்குத் தனி அடையாளம் வேண்டப்பட்டது. 1932இல் இலங்கைத் தேயிலைப் பிரசார சபை அமைக்கப்பட்டது. 1976இல் இலங்கைத் தேயிலைச் சபை தோன்றியது. அச்சபைக்கு உரித்தான வாளேந்திய சிங்கச் சின்னத்தை, இந்நாட்டிலேயே பொதிசெய்யப்பட்ட, கலப்பற்ற இலங்கைத் தேயிலை மட்டுமே, சபையின் தரத்துக்கு அமைந்தவிடத்துத் தாங்கலாம். 1972இல் நாட்டின் பெயர் மாறியபோதும் ‘சிலோன் ரீ’ என்ற பெயர் கைவிடப்படவில்லை. நாட்டின் பெயரைக் காட்டிலும் வணிகப் பெயருக்கு ஆயுள் நீண்டது போலும்!

இங்கே நிறத்தைப் பற்றியும் ஒன்று கூறல் தகும். 1951இல் ஏற்கப்பட்ட தேசியக் கொடியிற் சிங்கத்துக்கு அருகே தமிழரைக் குறிக்கச் செம்மஞ்சட் பட்டியும் முஸ்லிம்களைக் குறிக்கப் பச்சைப் பட்டியும் இடம்பெற்றன. தேயிலைச் சின்னத்திற் சிங்கம் தனித்தே நிற்கின்றது. அதற்கு வடிவமைப்பின் எளிமையே காரணம் எனலாம். ஆயினும், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றோராயினர் என்பதையும், 1964ஆம் ஆண்டு உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது என்பதையும் அறிந்தவர் அச்சின்னத்தை வேறு கண்ணோடு நோக்குதல் இயல்பே. எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலையை முடிவுக்குக் கொணரும் சட்டம் 2003இலேயே இயற்றப்பட்டது. இடைப்பட்ட ஐம்பத்தைந்து ஆண்டுகளிலும் கொழுந்து பறிக்கும் பெண்ணின் படம் பொதிகளிலும் சுவரொட்டிகளிலும் இந்நாட்டின் முகமாக உலகைச் சுற்றி வந்தது.

சின்னம் என்பது ஒரு வாக்குறுதி. அவ்வாக்குறுதி வாங்குவோனை நோக்கியதாகவே பிறந்தது; கலப்படத்திலிருந்து அவனைக் காத்த அளவில் அது நற்பணியே புரிந்தது. ஆனால், எவர் உருவைக் காட்டி நம்பிக்கை பெறப்பட்டதோ, அவர்க்கும் அவ்வாக்குறுதியில் உரிமை உண்டு. 2023இல், தம் முன்னோர் வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை பலர் நடந்து சென்றனர். ‘மலையகத் தமிழர்’ என்பது அவர்கள் தமக்குத் தாமே வரித்துக்கொண்ட பெயர். பொதியின் மீது பிறர் தீட்டிய முகத்துக்கு, இவ்வாறு அம்முகத்துக்குரியவரே பெயரிட்டனர். தேயிலையின் அடையாளத்தை ஆராய்வோர் அப்பெயரையும் அதன் ஒரு பகுதியாகக் கொள்ளுதல் வேண்டும்.