பெத்தானியா: சிறைமீண்ட மகளிரும் திருச்சபையும்

தண்டனைக்காலம் முடிவுற்றதும் தண்டனையும் முடிவுறுகின்றதா என்னும் வினா, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரான்சிலே கூர்மையுற்று நின்றது. 1810ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை, விடுதலை பெற்றோர் பலரைப் பொலிசாரின் கண்காணிப்பில் வைத்தது. சட்டம் விடுவித்தோரைச் சமூகம் விடுவிக்கத் தயங்கியது. திருச்சபையும் இத்தயக்கத்திற்கு முற்றிலும் விலக்கன்று. நல்லாயன் கன்னியர் சபை, வழிதவறியோர் எனக் கருதப்பட்ட பெண்களுக்குப் புகலிடம் அளித்தது. ஆயினும் அவர்கள் அச்சபையின் கன்னியராகும் உரிமை பெற்றிலர். துறவை விரும்பியோர் 'மதலேனாக்கள்' என்னும் தனிப்பிரிவாகவே வாழ்ந்தனர்.

1864 செப்டெம்பரிலே, டொமினிக்கன் சபைக் குருவாகிய ஜான் ஜோசெப் லத்தாஸ்த், தமது பிறந்த ஊரான கடியாக்கின் மகளிர் சிறையில் தியானம் நடத்தச் சென்றார். அங்கு ஏறத்தாழ 400 பெண்கள் இருந்தனர். 1839ஆம் ஆண்டின் விதிப்படி அத்தகைய சிறைகளிலே கைதிகள் தம்முள் பேசுதலும் தடுக்கப்பட்டிருந்தது. அடிகளார் அவர்களைச் 'சகோதரிகளே' என விளித்தார். மரிய மதலேனாளை எடுத்துக்காட்டி, கடவுள் நோக்குவது மனிதரின் முன்னைய நிலையையன்று, இன்றைய நிலையையே என உணர்த்தினார். நற்கருணையின் முன்னே அவர்கள் முறைமுறையாக விழித்திருந்து செபித்தமை அவரது சிந்தையைக் கிளறிற்று. இவர்களுட் சிலர் துறவை நாடின், அவர்களைச் சமமாக ஏற்கும் மடம் எங்குளது?

அவ்வினாவின் விடையாக 1866 ஆகஸ்ட் 14ஆம் திகதி பிரான் லெ ஷாத்தோ என்னும் சிற்றூரில் பெத்தானியா இல்லம் தோன்றிற்று. ஹென்றி டொமினிக் அன்னையார் அதன் இணை நிறுவுநராவார். குற்றமற்ற வாழ்வினின்று வந்தோரும் சிறைமீண்டோரும் அங்கு ஒரே உடை உடுத்து, ஒரே குடும்பமாய் வாழ்ந்தனர். எவரது கடந்தகாலமும் வெளியிடப்படுவதில்லை. இவர் இன்னார் எனப் பிறர் பிரித்தறிய வழியில்லை.

இங்கு மௌனத்தின் பொருள் மாறியமை கருதத்தக்கது. சிறையிலே அது தண்டனை. பெத்தானியாவிலோ அது காப்பு. இம்முயற்சிக்கும் எல்லையுண்டு: துறவை நாடாது தம் ஊருக்கு மீண்ட பெண்களை அது நேரடியாகத் தொடவில்லை. அவர்களை வரவேற்கும் கடன் பங்கு மக்களுடையதாகவே எஞ்சியது.

லத்தாஸ்த் அடிகளார் 1869இல், 36ஆம் வயதில் மறைந்தார்; 2012இல் திருச்சபை அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தது. இரக்கத்தோடு இடமளித்தல் வேறு, சமமாக ஏற்றல் வேறு என்பதே பெத்தானியாவின் வரலாறு புலப்படுத்தும் உண்மையாகும்.