நிலை உயரம் (ஊர்தி)

ஊர்தி ஒன்று சமதரையில் அசையாது நிற்கும்போது, அதன் சக்கர அச்சுக்கும் அடிச்சட்டத்துக்கும் இடையே உள்ள செங்குத்துத் தொலைவு நிலை உயரம் எனப்படும். அடிச்சட்டத்தைத் தாங்கும் வில்கள் எவ்வளவு அமுங்கியுள்ளன என்பதை இவ்வளவு காட்டுகின்றது. ஊர்தியின் மிகத் தாழ்ந்த பகுதியிலிருந்து தரை வரை அளக்கப்படும் தரை இடைவெளி இதனின்று வேறானது. இரண்டையும் ஒன்றாகக் கருதுவது பரவலாகக் காணப்படும் பிழையாகும்.

சிறு சுமையுந்துகள்

தியாகராய நகர்க் கடைகளுக்கும் மயிலாப்பூர், அடையாறு பகுதிகளின் குறுகிய தெருக்களுக்கும் சரக்கு கொண்டுசெல்வதில் சிறு சுமையுந்துகளின் பங்கு பெரிது. டாட்டா மோட்டார்சு 2005 இல் அறிமுகப்படுத்திய ஏசு இவற்றுள் பெயர் பெற்றது. தமிழ்நாட்டில் இது குட்டி யானை என்றே அழைக்கப்படுகின்றது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அசோக் லேலண்டு 2011 இல் தோசுத்து என்னும் ஊர்தியை வெளியிட்டது. இவற்றின் பின் அச்சு, பட்டறைகளில் கமான் பட்டை எனப்படும் பட்டை வில்களின் மேல் அமைந்துள்ளது. வெறும் வண்டியின் எடையோடு ஒப்பிடுகையில் ஏற்றப்படும் சுமை மிகுதி என்பதால், பின்புற நிலை உயரம் சுமைக்கேற்பப் பெரிதும் மாறும்.

அளக்கும் முறை

முதலில் சக்கரங்களின் காற்றழுத்தம் சரிசெய்யப்படும். பின்னர் சுமையின்றியோ, தயாரிப்பாளர் குறிப்பிட்ட சுமையுடனோ ஊர்தி சமதரையில் நிறுத்தப்படும். கார்களில் சக்கர நடுப்புள்ளியிலிருந்து மேலுள்ள வளைவின் விளிம்பு வரை அளப்பது வழக்கம். சுமையுந்துகளின் பின்கூடு பெரும்பாலும் உள்ளூர்ப் பட்டறையில் கட்டப்படுவதால் அந்த விளிம்பை நம்ப இயலாது. அச்சின் மேற்புறத்திலிருந்து அதற்கு நேர் மேலுள்ள அடிச்சட்டம் வரை அளப்பதே ஏற்றது. தரையிலிருந்து அளந்தால், காற்றுக் குறைந்த சக்கரம் வில் தளர்ந்தது போன்ற தோற்றத்தைத் தந்துவிடும்.

பட்டை வில்லுக்கென ஒரு சிக்கல் உண்டு. பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதால், அமுக்கி விடப்பட்ட வில் முழுமையாக மேலெழுவதில்லை. தூக்கி விடப்பட்டது முழுமையாகத் தாழ்வதுமில்லை. எனவே ஊர்தியைச் சிறிது முன்னும் பின்னும் உருட்டிய பின், ஒருமுறை அமுக்கிவிட்டும் ஒருமுறை தூக்கிவிட்டும் அளந்து சராசரி எடுக்கப்படுகின்றது. இடம், வலம் இரண்டும் தனித்தனியே அளக்கப்படும். ஒருபக்கம் மட்டும் தாழ்ந்திருந்தால் பட்டை முறிந்திருக்கலாம் அல்லது தளர்ந்திருக்கலாம்.

தடையும் விளக்கும்

இவ்வகை ஊர்திகள் பலவற்றில் சுமையுணர் தடைக் கட்டுப்பாட்டிதழ் உள்ளது. அச்சோடு இணைந்த நெம்புகோல் ஒன்றின் வழியாக இது நிலை உயரத்தை அறிகின்றது. உயரம் குறைந்தால் சுமை ஏறியுள்ளது எனக் கொண்டு பின்சக்கரத் தடைக்குக் கூடுதல் அழுத்தம் செல்ல விடும். அதிகச் சுமை ஏற்றுவதற்காகக் கூடுதல் பட்டை செருகப்பட்ட வண்டியில் பின்புறம் போதிய அளவு தாழ்வதில்லை. சுமை ஏறியிருந்தும் வெறும் வண்டிக்குரிய அழுத்தமே பின்தடைக்குக் கிடைக்க, வண்டி நிற்கும் தொலைவு நீளும். கண்ணுக்கு நிமிர்ந்து நிற்கும் வண்டி பாதுகாப்பானது என்று தோன்றுவது இங்கு ஏமாற்றமே. பட்டை மாற்றினால் நெம்புகோலையும் மீண்டும் அமைக்க வேண்டும். பட்டை சேர்ப்பதால் சட்டப்படி ஏற்றத்தக்க எடை கூடுவதில்லை. மிகைச்சுமைக்கான தண்டம் 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 20,000 ரூபாயில் தொடங்குகின்றது.

முகப்பு விளக்கும் இதனால் பாதிப்புறும். அச்சிடைத் தொலைவு 2,100 மி.மீ. உள்ள ஊர்தியின் முன்புற உயரம் மாறாமல் பின்புறம் மட்டும் 42 மி.மீ. தாழ்ந்தால், சாய்வு 2 விழுக்காடாகும். 25 மீட்டருக்கு அப்பால் ஒளிக்கற்றை அரை மீட்டர் உயர்ந்து, எதிரே வருபவரின் கண்களைக் கூசச் செய்யும்.

வேகத்தடைகள்

இந்தியச் சாலைக் காங்கிரசின் வழிகாட்டுதலின்படி வளைவு வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்டது. அதே உயரத்தைக் குறுகிய அகலத்தில் எழுப்பினால், வில் தளர்ந்த வண்டியின் அடிப்பகுதி அதில் உரசக்கூடும்.

பேருந்துகளில்

பட்டை வில்லின் உயரத்தை ஓட்டுநர் மாற்ற இயலாது. காற்று வில்லில் அது இயலும். மாநகரப் போக்குவரத்துக் கழகம் 2024 ஆகத்தில் சென்னையில் சேவைக்கு விட்ட தாழ்தளப் பேருந்துகள், நிறுத்தத்தில் காற்றை வெளியேற்றி ஏறும் பக்கமாகத் தாழக்கூடியவை. சக்கர நாற்காலியில் வருவோருக்கும் முதியோருக்கும் இது உதவுகின்றது. பேருந்து புறப்படுமுன் உயரம் பழைய நிலைக்குக் கொண்டுவரப்படும்.