அப்டேட்டும் நம் எழுத்தும்



பிரவுசர் அப்டேட் ஆனால் நாம் கேட்காத பொத்தான்கள் வந்துவிடுகின்றன, பழகிய வசதியைக் காணவில்லை. தமிழ் வாசிக்கும் நமக்கு இந்த எரிச்சல் பழையது.

1990களில் ஓர் இணையப் பக்கத்தின் எழுத்துரு நம் கணினியில் இல்லாவிட்டால், தமிழ் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். 1997இல் வந்த நெட்ஸ்கேப் 4, எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்தே இறக்கித் தந்தது. 2000இல் வந்த நெட்ஸ்கேப் 6இல் அந்த வசதி இல்லை. அதை நம்பிய தமிழ்ப் பக்கங்கள் மறுபடி குவியலாயின.

பிறகு, பழைய எழுத்துருவை யூனிகோடாக மாற்றிக் காட்டும் ‘பத்மா’ போன்ற நீட்சிகள் பயர்பொக்ஸுக்கு வந்தன. 2017 நவம்பரில் பயர்பொக்ஸ் 57 பழைய வகை நீட்சிகளை ஏற்க மறுத்தது. புதிதாக எழுதப்படாதவை அத்தோடு நின்றன.

எந்த அப்டேட்டும் அழிக்காதது யூனிகோடில் எழுதியதைத்தான். 1991 முதல் தமிழுக்கு அதில் இடமுண்டு.

அப்டேட்டை நிறுத்தச் சொல்லவில்லை. பாதுகாப்புத் திருத்தங்களும் அதில்தான் வருகின்றன. ஆனால் வாவிக்கரை ஊர்களின் பாடசாலை மலர்களும் பள்ளிவாசல் வரலாறுகளும் இன்னும் பாமினியில் கிடக்கின்றன. இந்த விடுமுறையில் அவற்றை மாற்றுவோம், இன்ஷா அல்லாஹ். பழைய கோப்புகள் வைத்திருப்போர் சொல்லுங்கள்.