எக்ஸ் – நியூஸ் சாளரப் போட்டி
1980-களின் பிற்பகுதியில், யூனிக்ஸ் பணிநிலையக் கணினிகளின் திரையை ஆள இரு சாளர முறைகள் நிகழ்த்திய போட்டி. எக்ஸ், மாஸசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1984-இல் ராபர்ட் ஷைஃப்ளர், ஜிம் கெட்டிஸ் ஆகியோரின் முயற்சியால் உருப்பெற்றது. நியூஸ், சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஸ்தாபனத்தில் ஜேம்ஸ் காஸ்லிங், டேவிட் ரோசன்தால் ஆகியோரால் சிருஷ்டிக்கப்பட்டது. போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியை ஆதாரமாகக் கொண்டு, சிறு நிரல்களைத் திரையை நடத்தும் சர்வருக்கே அனுப்பி அங்கேயே இயங்கச் செய்து, அதனால் வலைப்பின்னலின் பாரத்தைக் குறைத்து, எழுத்துக்களையும் வளைகோடுகளையும் நேர்த்தியாகத் தீட்டவல்ல நியூஸ், யுக்தியில் மேம்பட்டதென்று பலரால் கருதப்பட்டபோதிலும், எக்ஸின் மூலநிரல் எவருக்கும் தாராளமாக வழங்கப்பட்டமையாலும், 1987-இல் வெளியான அதன் 11-ஆம் பதிப்பைப் போட்டி நிறுவனங்கள் பல ஒருங்கே ஆதரித்தமையாலும், வெற்றி எக்ஸையே சார்ந்தது. இரண்டையும் ஒரே சர்வரில் இணைத்துப் பார்த்த சன், 1990-களின் முற்பகுதியில் நியூஸைக் கைவிட்டது.