செல்லுக்குள் கிளியர் பேலன்ஸ்

காமர்ஸ் படித்துவிட்டு வங்கியில் லெட்ஜர் பார்ப்பவனுக்குக் கால்சியத்தோடு என்ன சகவாசம் என்று கேட்பீர்கள். இருக்கிறது. கணக்கில் ஒரு லட்சம் இருக்கலாம்; அதில் பாதி கிளியரிங்கில் நிற்கும் செக் என்றால், வாடிக்கையாளர் எடுக்க முடிவது மீதியை மட்டும்தான். உயிருள்ள செல்லிலும் இதே கதை. கால்சியத்தில் பெரும்பகுதி புரதங்களோடு ஒட்டிக்கொண்டோ உள்ளறைகளில் பூட்டப்பட்டோ கிடக்கும். வேலை பார்ப்பது சும்மா திரியும் அயனிகள்தான். செல்லை அரைத்துச் சோதித்தால் மொத்த இருப்பு தெரிந்துவிடும், ஆனால் செல் செத்திருக்கும். உயிரோடு இருக்கும்போதே கிளியர் பேலன்ஸ் பார்ப்பது எப்படி?

இந்த உலோகம் ஏன் முக்கியம் என்று தெரிந்ததே ஒரு குழாய்த் தண்ணீரால்தான். லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற டாக்டர், வெளியே எடுத்த தவளை இதயத்தை உப்புக் கரைசலில் துடிக்க வைத்துக் கொண்டிருந்தார். வடித்த நீரில் கரைத்ததாக அவர் நினைத்தது, உண்மையில் குழாய்த் தண்ணீரில் கரைத்தது. சுத்தமான நீருக்கு மாறியதும் துடிப்பு அடங்கிவிட்டது. குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் காரணம் என்று 1883-ல் எழுதினார்.

அதைச் செல்லுக்குள் அளக்க வசதியான சாயம் வர ஏறக்குறைய நூறு வருஷம் ஆனது. ரோஜர் சியன் கேம்பிரிட்ஜில் இருந்தபோது, 1980-ல் கால்சியத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறுகளை உருவாக்கினார். மின்னூட்டம் உள்ள சாயத்தை செல்லின் சவ்வு உள்ளே விடாது. அதற்கு ஒரு முகமூடி மாட்டினார். உள்ளே போனதும் செல்லின் நொதிகளே முகமூடியை வெட்டிவிடும், சாயம் வெளியே வர முடியாமல் மாட்டிக்கொள்ளும். (என்ன குறும்பு பாருங்கள்!) 1985-ல் வந்த ஃபுரா-2 இன்னும் சாமர்த்தியம். 340, 380 நானோமீட்டர் என்று இரண்டு ஒளியில் பார்த்து விகிதம் எடுத்தால் போதும், சாயம் கூடக் குறைய இருந்தாலும் கணக்கு தப்பாது. ஓய்வில் இருக்கும் செல்லுக்குள் திரியும் கால்சியம், வெளியே இருப்பதில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். 2008-ல் சியனுக்கு நோபல் கிடைத்தது, ஆனால் பச்சை ஒளிர் புரதத்துக்காக.

ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. செல்லுக்குள் கிளைகள் உண்டு. லைசோசோம் என்ற குப்பை அரைக்கும் அறையில் அமிலம் அதிகம். அங்கே சாயத்தின் கால்சியம் பிடிக்கும் கையை ஹைட்ரஜன் அயனி பிடித்துக்கொள்ளும். காட்டும் எண்ணை நம்ப முடியாது.

இங்கேதான் நம்ம மும்பை வருகிறது. கொலாபா நேவி நகரில் இருக்கும் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில், ஹோமி பாபா அழைத்து ஒபைத் சித்திகி 1962-ல் மூலக்கூறு உயிரியல் பிரிவைத் தொடங்கினார். இயற்பியல்காரர்கள் நடுவே உயிரியல்! அதன் கிளைதான் பின்னால் பெங்களூரில் தேசிய உயிரியல் மையமாக வளர்ந்தது. அங்கே வேலை பார்த்தவர் யமுனா கிருஷ்ணன், சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் வேதியியல் படித்தவர். மரபுப் பொருளான டி.என்.ஏ.வையே கட்டுமானக் கம்பிபோலப் பயன்படுத்தி, 2009-ல் அவர் குழு ஒரு நானோ கருவி செய்தது. உயிருள்ள செல்லுக்குள் போய் அமிலத்தன்மையை ஒளியால் சொன்னது அது. செல்லே அதை விழுங்கி உள்ளே கொண்டுபோகும்.

2014-ல் அவர் சிகாகோ பல்கலைக்கழகம் போனார். (இப்படி எத்தனை பேர் போகிறார்கள் என்று பெருமூச்சு விடலாம், ஆனால் விதை இங்கே போட்டதுதான்.) 2019-ல் அவர் குழு வெளியிட்ட கருவியில் மூன்று சாயங்கள். ஒன்று அமிலத்தைச் சொல்லும், ஒன்று கால்சியத்தை, மூன்றாவது எதற்கும் அசையாமல் கருவி எவ்வளவு இருக்கிறது என்று காட்டும். ஒவ்வொரு லைசோசோமிலும் முதலில் அமிலத்தைப் படித்து, அதை வைத்துக் கால்சியக் கணக்கைத் திருத்துகிறார்கள். எங்கள் பாஷையில் சொன்னால் ரிகன்சிலியேஷன்.

இதை வைத்துப் புழுக்களில் தேடியபோது, லைசோசோமுக்குள் கால்சியம் போவதற்கு உதவும் ஒரு மரபணு அகப்பட்டது. மனிதரில் அதற்கு இணையான ஏ.டி.பி.13.ஏ.2 பழுதானால், இளம் வயதிலேயே பார்க்கின்சன் போன்ற நடுக்க நோய் வரும்.